ரத்தம் தெறிக்கும் இரண்டாம் பாகம்: விமர்சகர்கள் சொன்னதைத் தொகுத்து எழுதுவது எப்படி

ஒரு திகில் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பற்றி எழுதிக்கொண்டே வந்து, விமர்சகர்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும், நம்மில் பலருடைய கை தானாகவே ஒரு வாக்கியத்தை எழுதிவிடுகிறது: "இப்படம் விமர்சகர்களிடையே கலவையான வரவேற்பைப் பெற்றது." இந்த வாக்கியம் பொய்யல்ல, ஆனால் இதைப் படித்த வாசகருக்கு எதுவும் தெரியவருவதில்லை. பத்துப் பேரும் 'சுமார்' என்று சொன்ன படம் பெற்றதும் கலவையான வரவேற்புதான். ஐந்து பேர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடி, மற்ற ஐந்து பேர் முகம் சுளித்து எழுந்து போன படம் பெற்றதும் அதேதான். ரத்தமும் சதையும் தெறிக்கும் படங்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது நிலைதான் நேர்கிறது என்பதால், அவற்றைப் பற்றி எழுதும்போது இந்த வாய்ப்பாட்டு வாக்கியத்தை முதலில் அடித்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதை ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு விளக்குகிறேன். ஜார்ஜ் ரொமேரோ எழுதி இயக்கிய 'டான் ஆஃப் த டெட்' அந்தப் படம். பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய பகுதியில், ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில், கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்து 1968இல் வெளியான 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தின் தொடர்ச்சி இது. இறந்தவர்கள் எழுந்து நடந்து உயிரோடிருப்பவர்களைத் தின்னத் தொடங்கிவிட்ட உலகில், தொலைக்காட்சி நிலையத்தில் வேலை பார்க்கும் இருவரும் காவல்துறை அதிரடிப் படையைச் சேர்ந்த இருவரும் ஹெலிகாப்டரில் தப்பிச் சென்று, பெரிய வணிக வளாகம் ஒன்றின் கூரையில் இறங்கி, உள்ளே திரியும் நடைபிணங்களை ஒழித்துவிட்டு அங்கேயே குடித்தனம் நடத்துகிறார்கள் என்பது கதை. முதல் பாகத்தின் பாத்திரம் ஒன்றுகூட இதில் இல்லை, சூழ்நிலை மட்டும்தான் தொடர்கிறது. படப்பிடிப்பு நடந்தது பிட்ஸ்பர்க்குக்குக் கிழக்கேயுள்ள மன்ரோவில் மாலில். கடைகள் மூடிய பிறகு இரவு முழுவதும் படம்பிடித்துவிட்டு, விடிந்ததும் கருவிகளை ஒதுக்கிவைத்துக் கடைக்காரர்களுக்கு வழிவிடுவார்கள்.

முதல் பாகத்தின் பெயர் எப்படி மாறியது என்று பாருங்கள்

இரண்டாம் பாகத்துக்கு விமர்சனம் எழுதுகிறவர் வெறுங்கையோடு அரங்குக்குள் நுழைவதில்லை. முதல் பாகத்தைப் பற்றிய ஒரு தீர்ப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போகிறார். ஆகவே தொகுப்பவர் முதலில் தேடிப் படிக்க வேண்டியது முதல் பாகத்தின் விமர்சனங்களை. அதிலும், அது வெளிவந்த காலத்தில் அதற்கிருந்த பெயரும் இரண்டாம் பாகம் வந்தபோது அதற்கிருந்த பெயரும் ஒன்றுதானா என்பதைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

ரொமேரோவின் முதல் படம் 1968 அக்டோபரில் வந்தபோது, அமெரிக்கத் திரைத்துறை இதழான 'வெரைட்டி' அதைக் கொடூரத்தின் இடைவிடாத களியாட்டம் என்ற பொருள்படச் சாடியது. அமெரிக்காவில் படங்களுக்கு வயதுவாரியான தரப்பிரிவு நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு நவம்பரில் என்பதால், சிறுவர்கள் பகல் காட்சியில் கூட்டமாக உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தார்கள். 'சிகாகோ சன் டைம்ஸ்' நாளிதழில் அதன் விமர்சகர் ராஜர் ஈபர்ட் 1969 ஜனவரியில் எழுதிய கட்டுரை படத்தைவிட அந்த அரங்கத்தைப் பற்றியதே அதிகம். நடைபாதைக்கு எதிர்ப்புறம் ஒன்பது வயது இருக்கக்கூடிய சிறுமி ஒருத்தி அசையாமல் உட்கார்ந்தபடி அழுதுகொண்டிருந்ததை அவர் அதில் எழுதியிருக்கிறார். அதற்கடுத்த ஆண்டே, 1970இல், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதே படத்தைத் திரையிட்டது. இரண்டே ஆண்டுகளில், பிள்ளைகளை அழவைத்த மலிவுப் படம் அருங்காட்சியகத்தில் பார்க்க வேண்டிய படமாகிவிட்டது. பத்தாண்டு கழித்து இரண்டாம் பாகத்துக்கு எழுதியவர்களில் எவர் எந்தப் பெயரை மனதில் வைத்து எழுதினார் என்பதை அவரவர் வாக்கியங்களிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். "முதல் படத்தின் வலிமை இதில் இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தால், முதல் படம் வந்த அன்று அவரே அந்த வலிமையைக் கண்டாரா என்று தேடிப்பாருங்கள். சில நேரங்களில் இது வேடிக்கையான முடிவைத் தரும்.

முதல் பாகத்துக்கு வந்த குறைகள் இரண்டாம் பாகத்தின் கதையையே மாற்றிவிடுவதும் உண்டு. டேமியன் லியோன் இயக்கிய 'டெரிஃபையர்' படத்தில் கோமாளி வேடமிட்ட கொலைகாரனைத் தவிர வேறு யாரும் மனதில் நிற்கவில்லை, கதை என்று ஒன்றில்லை என்ற குறை பரவலாகச் சொல்லப்பட்டது. 2022இல் வந்த இரண்டாம் பாகத்தில் சியன்னா என்ற இளம்பெண்ணுக்கு ஒரு குடும்பமும் துக்கமும் கனவுகளும் தரப்பட்டன, படம் 138 நிமிடமாக நீண்டது. பிறகு என்ன, நீளம் அதிகம் என்ற குறை வந்து சேர்ந்தது. இந்தப் பேச்சுவார்த்தையைக் காட்டாமல் "நீளம் குறையாகச் சொல்லப்பட்டது" என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

திட்டியது ரத்தத்தையா, படத்தையா

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு விமர்சனத்தையும் இரண்டு நிறப் பென்சில்களோடு படியுங்கள். ரத்தம், வெட்டு, குடல், அருவருப்பு ஆகியவை குறித்த வாக்கியங்களுக்கு ஒரு நிறமும், கதை, நடிப்பு, வேகம், நகைச்சுவை, கருத்து ஆகியவை குறித்த வாக்கியங்களுக்கு இன்னொரு நிறமும் இடுங்கள். இரண்டாவது நிறமே இல்லாத விமர்சனங்கள் கணிசமாக இருப்பதைக் காண்பீர்கள். அவற்றை எழுதியவர்கள் சொல்வது தங்கள் வயிற்றைப் பற்றிய செய்தி. அது மதிப்பற்றது என்று நான் சொல்ல வரவில்லை, பார்க்கப் போகிறவருக்கு மிகவும் பயன்படும் செய்திதான். ஆனால் அதைப் படத்தின் தரம் பற்றிய தீர்ப்போடு ஒரே தட்டில் வைத்து எடை போடக் கூடாது.

'டான் ஆஃப் த டெட்' இதற்கு ஒரு கச்சிதமான சோதனையைத் தருகிறது. 1979 ஏப்ரலில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் அதற்கு விமர்சனம் எழுதிய ஜேனட் மாஸ்லின், சிலருக்கு இசைப் படம் ஆகாது, சிலருக்கு வெஸ்டர்ன் ஆகாது, தனக்கு ஓயாமல் மனித மாமிசத்தைக் கொறித்துக்கொண்டே இருக்கும் நடைபிணங்கள் ஆகாது என்று தொடங்கி, அதனால் முதல் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் உட்கார முடியவில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். இப்போது படத்தை ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். முதல் பதினைந்து நிமிடங்களில் இருப்பவை தொலைக்காட்சி நிலையத்தின் கூச்சலும் குழப்பமும், அதற்குப் பிறகு ஏழைகள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்குள் அதிரடிப் படை நுழைவதும்தான். துப்பாக்கிக் குண்டு பட்டு ஒரு தலை சிதறுவதும், உயிரற்று எழுந்து வந்த கணவனை மனைவி அணைத்துக்கொள்ள அவன் அவள் தோளைக் கடித்துப் பிய்ப்பதும் அங்கே நடக்கின்றன. படத்திலேயே மிகக் கடுமையான காட்சிகளில் சில அவை. வணிக வளாகம் இன்னும் வந்தே சேரவில்லை. அதாவது, இந்தப் படத்தைப் பற்றி அன்றும் இன்றும் பேசப்படும் முக்கியமான விஷயம், செத்த பிறகும் பழக்கதோஷத்தில் கடை வாசலுக்கே திரும்பி வரும் கூட்டத்தைக் காட்டி நுகர்வு மோகத்தைக் கேலி செய்வது, அவர் எழுந்து போன பிறகுதான் தொடங்குகிறது.

அதே படத்துக்கு ஈபர்ட் 1979 மே மாதத்தில் நான்கு நட்சத்திரங்கள் கொடுத்தார். அவருடைய விமர்சனத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ரத்தத்தை அவர் பூசி மெழுகவில்லை. குரூரம், குமட்டல், அருவருப்பு என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பிறகு, இன்னொரு பட்டியல் போடுவதற்கு மன்னிக்கவும் என்று கேட்டுக்கொண்டு, நேர்த்தியான ஆக்கம், நகைச்சுவை, அமெரிக்க நுகர்வுச் சமூகத்தின் மீதான இரக்கமற்ற அங்கதம் என்று அடுக்குகிறார். கலை நல்ல ரசனைக்குள் அடங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே என்பது அவர் வாதம். நம் இரண்டு நிறப் பென்சில் முறையை அவரே தமக்குத் தாமே செய்து வைத்திருக்கிறார் என்று சொல்லலாம். மாஸ்லினும் ஈபர்ட்டும் முரண்பட்டார்கள் என்று எழுதுவது எளிது. உண்மையில் முதல் பட்டியலில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. இரண்டாவது பட்டியல் ஒருவரிடம் இருக்கிறது, மற்றவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

ரத்தம் எப்படிப்பட்ட ரத்தம் என்பதையும் பாருங்கள். வியட்நாம் போரில் ராணுவப் புகைப்படக்காரராக இருந்து உண்மையான பிணங்களைப் பார்த்து வந்த டாம் சவினிதான் இந்தப் படத்தின் ஒப்பனையைச் செய்தார். ஆனால் திரையில் ஓடும் ரத்தம் பெயின்ட் டப்பாவிலிருந்து ஊற்றியதுபோல் பளீரென்று சிவந்திருக்கிறது. சாம்பல் பூசிய முகங்கள் சில ஒளியில் நீலம் பாய்ந்து தெரிகின்றன. சவினிக்கு அந்தச் சிவப்பு பிடிக்கவில்லை, ரொமேரோ அது சித்திரக்கதையின் தன்மைக்குப் பொருந்துகிறது என்று எடுத்துக்கொண்டார். மோட்டார் சைக்கிள் கும்பல் உள்ளே புகுந்து நடைபிணங்களின் முகத்தில் கிரீம் பலகாரத்தை வீசியடிக்கும் காட்சியைப் பார்த்தவர், இந்தப் படத்தை விவரிக்க 'கொடூரம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். ஒரு விமர்சகர் ரத்தத்தைத் திட்டும்போது அதன் மிகுதியைத் திட்டுகிறாரா, போலித்தன்மையைத் திட்டுகிறாரா, அதைக் கண்டு சிரிக்கவைப்பதைத் திட்டுகிறாரா என்று மேலும் பிரிக்க முடிந்தால் பிரியுங்கள். இம்மூன்றும் மூன்று வேறு குற்றச்சாட்டுகள்.

ரத்தத்தால்தான் பெயர் கெட்டது என்ற முடிவுக்கு வருமுன் செய்ய வேண்டிய இன்னொரு சோதனை, ஒரே விமர்சகர் ஒரே வரிசைப் படங்களுக்கு எழுதியவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிப்பது. 1985இல் மூன்றாம் பாகமான 'டே ஆஃப் த டெட்' வந்தது. ரத்த அளவில் அது இரண்டாம் பாகத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல, சவினியின் வேலை அதில் இன்னும் தேர்ந்திருந்தது என்றே சொல்ல வேண்டும். நான்கு நட்சத்திரம் கொடுத்த அதே ஈபர்ட் அதற்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுத்தார். காரணம் குடலும் ஈரலும் அல்ல. பாத்திரங்கள் தொடக்கம் முதல் முடிவு வரை கத்திக்கொண்டே இருக்கிறார்கள், முந்தைய படங்களில் தப்பிப் பிழைத்தவர்களோடு ஒன்ற முடிந்ததுபோல் இவர்களோடு ஒன்ற முடியவில்லை என்பதே அவருடைய குறை. ரத்தம் மாறவில்லை, தீர்ப்பு மாறியது. எனவே அவருடைய தீர்ப்பைத் தீர்மானித்தது ரத்தம் அல்ல என்று நீங்கள் தைரியமாக எழுதலாம். இப்படி ஒரு விமர்சகரைப் பற்றியாவது நிரூபித்துக் காட்டினால், அது இருபது பேரின் மேற்கோள்களை அடுக்குவதைவிடப் பயனுள்ளது.

எந்தப் பதிப்பைப் பார்த்தார்கள்

நான் முதன்முறை இந்தப் படத்தைப் பற்றி எழுதியபோது என்னிடமிருந்த வட்டு 139 நிமிடப் பதிப்பு. அதிலுள்ள சில மெதுவான பகுதிகளை வைத்து, படம் இழுக்கிறது என்ற குறை நியாயமானதே என்று எழுதிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அமெரிக்க விமர்சகர்கள் அரங்கில் பார்த்தது ஏறத்தாழ 127 நிமிடம் ஓடும் வேறொரு தொகுப்பு என்று. நான் அந்தக் குறைக்குச் சான்றாக எடுத்துக்கொண்ட பகுதிகளில் சில அவர்கள் கண்ணில் படவே இல்லை.

மூன்றாவதாக ஒரு பதிப்பும் உண்டு. படத்துக்கு நிதி கிடைக்க உதவிய இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ, ஆங்கிலம் பேசாத நாடுகளுக்காகத் தம் விருப்பப்படி தொகுத்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றிருந்தார். 'சாம்பி' என்ற பெயரில் 1978 செப்டம்பரில் இத்தாலியில் வெளியான அவருடைய பதிப்பு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவானது, நகைச்சுவை குறைக்கப்பட்டது, 'காப்ளின்' குழுவின் இசை நிரம்பியது. கிரீம் வீச்சைப் பார்த்துச் சிரித்த அமெரிக்க விமர்சகரும், விறுவிறுப்பான அதிரடிப் படம் என்று எழுதிய ஐரோப்பிய விமர்சகரும் ஒருவரையொருவர் மறுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் பார்த்தவை வேறு வேறு. படம் 1978இல் வந்ததா, 1979இல் வந்ததா என்ற குழப்பத்துக்கும் இதுவே காரணம்: இத்தாலிக்கு முந்தையதும் அமெரிக்க அரங்குகளுக்குப் பிந்தையதும் சரி.

இத்தாலியில் அந்தப் படம் நன்றாக ஓடியதைப் பார்த்து, லூசியோ ஃபுல்சி இயக்கிய வேறொரு படத்தை 1979இல் 'சாம்பி 2' என்ற பெயரில் வெளியிட்டார்கள். பெயரில் எண் இருந்தாலும் ரொமேரோவின் கதைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதற்கு வந்த விமர்சனங்களை இரண்டாம் பாகத்தின் கணக்கில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தணிக்கை வெட்டுகளும் இந்தக் கேள்வியின் கீழ்தான் வரும். டாம் சிக்ஸ் இயக்கிய 'த ஹியூமன் சென்டிபீட் 2' படத்துக்கு 2011 ஜூனில் பிரிட்டனின் தணிக்கை வாரியம் சான்றிதழே தர மறுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் 32 வெட்டுகளுடன், 2 நிமிடம் 37 விநாடிகள் நீக்கப்பட்டு, பெரியவர்களுக்கான சான்றிதழோடு அனுமதி கிடைத்தது. ஆகவே அந்தப் படத்துக்கு எழுதிய பிரிட்டிஷ் விமர்சகர் ஒருவருடைய வரியை எடுத்தாளும்போது, அவர் முழுப்படத்தைப் பார்த்தாரா, வெட்டியதைப் பார்த்தாரா என்பதை ஒரு சொல்லிலாவது குறிப்பிட வேண்டும்.

விமர்சனம் அல்லாதவை

தணிக்கைத் தீர்ப்பு, வசூல், அரங்கில் மயங்கி விழுந்தவர்கள் பற்றிய செய்தி ஆகிய மூன்றும் விமர்சனம் அல்ல. மூன்றையும் சொல்லலாம், ஆனால் தனிப் பத்தியில் சொல்ல வேண்டும். ரொமேரோவின் படம் தரப்பிரிவுக்கு உட்பட்டிருந்தால் வன்முறைக்காக 'எக்ஸ்' சான்றிதழ்தான் கிடைத்திருக்கும். அந்த எழுத்து அப்போது ஆபாசப் படங்களின் அடையாளமாகிவிட்டிருந்ததாலும், பல நாளிதழ்கள் அத்தகைய படங்களின் விளம்பரத்தை ஏற்காததாலும், சான்றிதழ் இல்லாமலே படத்தை வெளியிட்டார்கள். வெளிப்படையான பாலுறவுக் காட்சிகள் இதில் இல்லை, அதிர்ச்சி தரக்கூடிய வன்முறை உண்டு, 17 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதி இல்லை என்று விளம்பரத்தில் தாங்களே அறிவித்தார்கள். சான்றிதழ் இல்லாதது விமர்சகர்களின் கண்டனம் என்று யாராவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம், அது வியாபார முடிவு.

மயக்கச் செய்திகளைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 'டெரிஃபையர் 2' அமெரிக்காவில் ஓடியபோது, சிலர் வாந்தி எடுத்தார்கள், சிலர் மயங்கினார்கள் என்ற செய்தி உலகமெங்கும் சுற்றி வந்தது. படத்தை எடுத்தவர்களே எச்சரிக்கை விடுத்தார்கள், எச்சரிக்கை அப்படியே விளம்பரமும் ஆகியது. 2,50,000 டாலரில் எடுத்த படம் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் ஈட்டியதில் அந்தச் செய்திக்கும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன். வாந்தி எடுத்த செய்தியைப் படத்தின் வலிமைக்கோ வக்கிரத்துக்கோ சான்றாக எடுத்துக்கொண்டு விமர்சனப் பகுதியில் நுழைப்பது, விளம்பரதாரருக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பதாகும்.

சதவீதங்கள்

விமர்சனங்களைத் திரட்டித் தரும் 'ராட்டன் டொமேட்டோஸ்' தளத்தின் சதவீதம் மதிப்பெண் அல்ல, பரவாயில்லை என்றோ அதற்கு மேலோ சொன்னவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு. அரைமனதோடு பாராட்டியவரும் ஆகா ஓகோ என்றவரும் அதில் ஒன்றே. அதே வகைத் தளமான 'மெட்டாகிரிட்டிக்' தருவது சராசரி, அதிலும் சில இதழ்களுக்கு எடை அதிகம். 'சினிமாஸ்கோர்' எழுத்துத்தரம் விமர்சகர்களுடையதே அல்ல, வெளியீட்டு நாளில் படம் பார்த்து வெளியே வந்த ரசிகர்களுடையது. பழைய படங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: ராட்டன் டொமேட்டோஸ் தொடங்கியதே 1998இல் என்பதால், 1979இல் வந்த படத்துக்கு அது காட்டும் சதவீதத்தில் அன்றைய நாளிதழ் விமர்சனமும் இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு வட்டு வெளியீட்டை ஒட்டி எழுதிய புகழுரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த எண்ணைக் காட்டி "வெளியானபோது விமர்சகர்கள் பாராட்டினார்கள்" என்று எழுதுவது தவறு. நட்சத்திரம் இல்லாததைப் பூஜ்யம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 'ஹியூமன் சென்டிபீட்' முதல் பாகத்துக்கு நட்சத்திரம் தரவே ஈபர்ட் மறுத்துவிட்டார், அது மறுப்பு, மதிப்பெண் அல்ல.

பிற்கால மரியாதையும் முன்தேதியிட்ட முத்திரையும்

"வெளியானபோது யாரும் புரிந்துகொள்ளவில்லை, காலம் கடந்துதான் கொண்டாடினார்கள்" என்ற கதை திகில் பட ரசிகர்களுக்கு மிகவும் பிடித்தமானது. எழுதுவதற்கும் இனிக்கும். ஆனால் தேதிகளோடு ஒத்துப்பார்க்காமல் அதை எழுதாதீர்கள். 'டான் ஆஃப் த டெட்' விஷயத்தில் அந்தக் கதை நிற்காது. நுகர்வுச் சமூகத்தின் மீதான அங்கதம் என்ற வாசிப்பை ஈபர்ட் வெளியீட்டுக் காலத்திலேயே எழுதிவிட்டார். அதே 1979இல் டொரான்டோ திரைப்பட விழாவில் விமர்சகர் ராபின் வுட் அமெரிக்கத் திகில் படங்களுக்கென்று ஒரு தனித் தொகுப்பையே ஏற்பாடு செய்து, ரொமேரோ போன்றவர்களை அரசியலோடு வைத்துப் படிக்க வேண்டும் என்று வாதாடினார். மரியாதை அன்றே இருந்தது, மறுப்பும் அன்றே இருந்தது. மூன்றாம் பாகத்துக்குத்தான் அந்தப் பிற்காலக் கதை ஓரளவு பொருந்தும். அதன் மதிப்பு பின்னால் உயர்ந்தது.

இதற்கு நேரெதிரான தவறு, பிற்காலச் சொல்லைப் பழைய படத்தின் மீது ஒட்டுவது. உடலை வதைப்பதையே காட்சியாக்கும் படங்களை ஆபாசப் படங்களோடு ஒப்பிட்டு 'டார்ச்சர் போர்ன்' என்ற சொல்லை விமர்சகர் டேவிட் எடல்ஸ்டீன் 'நியூயார்க்' இதழில் எழுதியது 2006 ஜனவரியில். ஈலை ராத் இயக்கிய 'ஹாஸ்டல்' வந்திருந்த நேரம் அது. அடுத்த ஆண்டு ஜூனில் 'ஹாஸ்டல் பார்ட் 2' வந்தபோது முத்திரை தயாராக இருந்தது. பலரும் படத்தைப் பற்றிப் பேசியதைவிட அந்த முத்திரையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். மனிதர்களை விலைக்கு வாங்கி வதைக்கப் போகும் இரண்டு அமெரிக்கர்களின் பக்கத்திலிருந்தும் இரண்டாம் பாகம் கதை சொல்கிறது என்ற முக்கியமான மாற்றம் அந்தச் சத்தத்தில் பல இடங்களில் அமுங்கிப்போனது. ஒரு படத்துக்கு வந்த விமர்சனத்தையும் ஒரு வகைப் படங்கள் அனைத்தின் மீதும் வந்த சலிப்பையும் பிரித்துக் காட்டுவது தொகுப்பவரின் கடமை.

எழுதும்போது

மேலே சொன்னவற்றுக்காக ஒரு தாளில் விமர்சகருக்கு ஒரு வரி வீதம் குறித்துக்கொள்ளுங்கள்: எழுதிய தேதி, பார்த்த பதிப்பு, எவ்வளவு பார்த்தார், முதல் பாகம் பற்றிய அவர் கருத்து, ரத்தம் பற்றி ஒரு வாக்கியம், மற்றவை பற்றி ஒரு வாக்கியம். ஆறு பேர் போதும். கருத்தை யார் சொன்னார் என்பதை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், "என்று கூறப்படுகிறது", "என விமர்சிக்கப்பட்டது" போன்ற ஆளில்லாத முடிவுகளில் யாரும் பொறுப்பேற்பதில்லை. மொழிபெயர்க்கும்போது வசவின் அளவை மாற்றாதீர்கள். 'அருவருப்பு' என்பதும் 'ஆபாசம்' என்பதும் ஒன்றல்ல, 'குரூரம்' என்று எழுதியவரை 'வக்கிரம்' என்று சொன்னதாக எழுதினால் அவர் சொல்லாத குற்றச்சாட்டை அவர் வாயில் போடுகிறீர்கள்.

நான் எழுதியிருந்த பழைய வாக்கியம் இப்படி இருந்தது: "டான் ஆஃப் த டெட் அதன் அதீத வன்முறைக்காகக் கலவையான விமர்சனங்களைப் பெற்றது." திருத்திய பிறகு:

"1979 ஏப்ரலில் அமெரிக்க அரங்குகளுக்குச் சான்றிதழ் இன்றி வந்த 127 நிமிடப் பதிப்பைப் பற்றி, நியூயார்க் டைம்ஸின் ஜேனட் மாஸ்லின் தம்மால் பதினைந்து நிமிடங்களே பார்க்க முடிந்தது என்று எழுதினார். கதை வணிக வளாகத்தை அடைவதற்கு முன்பே அவர் வெளியேறிவிட்டார். அடுத்த மாதம் நான்கு நட்சத்திரம் அளித்த ராஜர் ஈபர்ட், படம் குமட்டுகிறது என்பதை மறுக்காமலே, நுகர்வுச் சமூகத்தின் மீதான அதன் அங்கதத்தைப் பாராட்டினார். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே அளவு ரத்தம் கொண்ட மூன்றாம் பாகத்துக்கு அவர் ஒன்றரை நட்சத்திரமே கொடுத்தார், பாத்திரங்களே அதற்குக் காரணம் என்றார்."

வாக்கியங்கள் கூடிவிட்டன, உண்மைதான். ஆனால் இதைப் படித்தவர் படத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்று தாமே முடிவு செய்துகொள்ளலாம்.

வெளியிடுமுன் ஒரே ஒரு சரிபார்ப்பு மீதமிருக்கிறது. இதே பெயரில் 2004இல் ஸாக் ஸ்னைடர் இயக்கிய மறுஆக்கம் ஒன்று உண்டு, பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால் இரண்டின் விமர்சனங்களும் கலந்தே வரும். ரொமேரோவின் நடைபிணங்கள் தள்ளாடித் தள்ளாடி நடப்பவை, ஸ்னைடரின் நடைபிணங்கள் ஓடுபவை. துரத்தி ஓடிவரும் பிணங்களைக் கண்டு மிரண்ட விமர்சகர் எவராவது உங்கள் தாளில் இருந்தால், அந்த வரியை அடித்துவிடுங்கள்.